அடுப்படியைத் தேடுங்கள்: தொண்ணூறுகளின் சயின்ஸ் ஃபிக்ஷன் படங்களைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

"பார்க்கப் பிரமாதம், கதைதான் இல்லை." தொண்ணூறுகளில் வந்த சயின்ஸ் ஃபிக்ஷன் படங்களைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடும். நானும் பல வருடம் அதைத்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த வரியை என்னிடமிருந்து பிடுங்கியவர் கானாடுகாத்தானில் இருக்கும் ஓர் ஆச்சி. இந்த வகைப் படம் ஒன்றைக்கூட அவர் முழுதாகப் பார்த்தவரில்லை.

நண்பர் ஒருவரின் பூர்வீக வீடு அங்கே இருக்கிறது. குடும்பம் சென்னையில். வீட்டுச் சாவி ஆச்சியிடம், வீடும் அவர் பொறுப்பில். ஒருநாள் சாயங்காலம் டிவியில் ஏதோ படம் ஓடிக்கொண்டிருந்தது. அதே தெருவில் உள்ள ஒரு வீட்டில் எடுத்த படம். பர்மா தேக்குத் தூண்கள், ஆத்தங்குடித் தரை, மேலே பெல்ஜியம் கண்ணாடி, கேமரா எல்லாவற்றையும் தடவித் தடவிக் காட்டியது. கதாநாயகி காப்பித் தட்டோடு நடந்து வந்தாள். ஆச்சி அதைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏப்பா, அடுப்படி கடைசிக் கட்டுல இருக்கு. இவ காப்பிய எடுத்துக்கிட்டு வாசப் பக்கமிருந்து வர்றா. பக்கத்து வீட்டுல கடன் வாங்கிட்டு வர்றாளா?"

சிரித்து முடித்த பிறகுதான் உறைத்தது. வீடு அழகாகத்தான் படமாகியிருந்தது. ஆனால் அந்தப் படத்தில் அந்த வீட்டில் யாரும் குடியிருக்கவில்லை.

அன்றிலிருந்து எந்தப் படத்தின் எதிர்கால நகரத்தைப் பார்த்தாலும் ஆச்சியின் கேள்வியைத்தான் கேட்டுக்கொள்கிறேன். இங்கே அடுப்படி எங்கே? இந்த ஊரில் ஆட்கள் என்ன சாப்பிடுகிறார்கள், எந்த வழியாக நடக்கிறார்கள்? காட்சியழகு பெரிதா, கதை பெரிதா என்று மணிக்கணக்கில் மோதுவதைவிட இந்தக் கேள்வி சீக்கிரமாக ஓர் இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதே வீட்டில் சனிக்கிழமை ராத்திரிகளில் காரைக்குடிக் கல்லூரிப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேரோடு இந்தப் படங்களைப் போட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டதைக் கீழே எழுதியிருக்கிறேன். போகிற போக்கில் சில படங்களின் கதை வெளிப்படும். அது பிடிக்காதவர்கள் முதலில் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் இடத்தைச் சரிசெய்யுங்கள்

இந்தப் படங்களில் பாதிக்கு மேல் இருட்டில் நடக்கின்றன. அதனால் இருட்டு இருட்டாகத் தெரிய வேண்டும். எட்டு முழ வேட்டியைக் கஞ்சி போட்டுக் கட்டினால் திரை தயார். சிக்கல் வேறு இடத்தில் வந்தது. செட்டிநாட்டு வீட்டுச் சுவர் சாதாரணச் சுவர் இல்லை. சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்துத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கிய சுவர். ப்ரொஜெக்டர் வெளிச்சம் அதில் பட்டுத் திரும்பித் திரைமேலேயே விழுகிறது. முதல் வாரம் கறுப்பு எல்லாம் சாம்பலாகத் தெரிந்தது. இரண்டு பக்கச் சுவரிலும் அடர்நிறக் கண்டாங்கிச் சேலைகளைத் தொங்கவிட்டோம், தரையில் ஜமுக்காளம் விரித்தோம், சரியாகிவிட்டது. உங்கள் வீட்டில் வெறும் பெயின்ட் சுவர்தான் என்றாலும் திரைக்குப் பக்கத்தில் வெள்ளையாக எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் எதிரொலி. உயரமான கூரை, கல்தரை, வசனம் குழம்பிப் போகும். சப்டைட்டில் போடுங்கள். தமிழ் டப்பிங்கைத் தவிர்க்கச் சொல்வேன், மொழிப் பற்று குறைந்து அல்ல. நான் பார்த்த சில டப்பிங்குகளில், மூலப் படத்தில் ஆள் வாயைத் திறக்காத இடத்திலும் முதுகைக் காட்டி நிற்கும்போது ஒரு வரி வசனத்தைச் சொருகியிருந்தார்கள். படம் சும்மா இருப்பதைப் பொறுக்க முடியாத யாரோ ஒருவர் செய்த வேலை. நாம் கவனிக்கப்போவதே அந்தச் சும்மா இருக்கும் இடங்களைத்தான்.

எந்தப் படத்தில் தொடங்குவது

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு மிகவும் பிடித்தது என்பதற்காக முதல் வாரமே 'டார்க் சிட்டி'யைப் போட்டேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள். மீதிப் பாதி மரியாதைக்காக விழித்திருந்தது.

'டெர்மினேட்டர் 2' (1991), அதையடுத்து 'ஜுராசிக் பார்க்' (1993) என்று ஆரம்பியுங்கள். ஏற்கெனவே பார்த்த படங்கள்தானே என்பார்கள். பார்த்திருப்பதுதான் வசதி. என்ன நடக்கும் என்று தெரிந்திருந்தால் எப்படி நடக்கிறது என்பதில் கண் போகும். பிறகு 'கியூப்', 'கட்டாக்கா', 'தி ஃபிஃப்த் எலிமென்ட்', மூன்றுமே 1997. அதற்கப்புறம் 'டார்க் சிட்டி' (1998). கடைசியாக 'தி மேட்ரிக்ஸ்' (1999). வாரம் ஒன்று போதும்.

தொண்ணூறுகளை ஏன் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று ஒரு பையன் கேட்டான். கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸ் அப்போதுதான் கைக்கு வந்தது, ஆனால் முழுசாக வரவில்லை. 'டெர்மினேட்டர் 2' இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஓடும் படம். அதில் கம்ப்யூட்டரில் செய்த உருவம் வருவது கிட்டத்தட்ட 5 நிமிடம். 'ஜுராசிக் பார்க்'கில் டைனோசர்களே திரையில் இருப்பது மொத்தம் ஏறக்குறைய 15 நிமிடம்தான். அதிலும் பெரும்பகுதி ஸ்டான் வின்ஸ்டன் குழு செய்த இயந்திர பொம்மைகள், மிச்சம்தான் கம்ப்யூட்டர். கொஞ்சமாகத்தான் காட்ட முடியும் என்பதால் எங்கே காட்டுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பத்தாண்டு முடிவதற்குள் நிறையக் காட்ட முடிந்தது. காட்சியா கதையா என்ற சண்டை சூடு பிடித்தது அந்த இடைவெளியில்தான்.

ஒலியை நிறுத்திவிட்டு முதல் அரை மணி நேரம்

'டெர்மினேட்டர் 2'வைப் போட்டு ஸ்பீக்கரை அணையுங்கள். இரண்டு பேர் எதிர்காலத்திலிருந்து வந்து இறங்குகிறார்கள். தடியன் ஒருவன், ஒல்லியன் ஒருவன். தடியன் மதுக்கடையில் புகுந்து அடித்து உதைத்துத் தோல் உடையைப் பறித்துக்கொள்கிறான். ஒல்லியன் போலீஸ் உடுப்பில் நாகரிகமாக வீடு வீடாக விசாரிக்கிறான். இருவரும் ஒரே சிறுவனைத் தேடுகிறார்கள். யார் காப்பாற்ற வந்தவன், யார் கொல்ல வந்தவன்? முதல் பாகம் பார்த்தவர் தடியனைத்தான் சந்தேகப்படுவார். உடையும் நடையும் வெளிச்சமும் சேர்ந்து நம்மை ஏமாற்றுகின்றன. ஒரு சொல்கூட இதற்குத் தேவைப்படவில்லை. (படத்துக்கான டிரெய்லரே இந்த ரகசியத்தைப் போட்டு உடைத்துவிட்டது என்பது தனி வயிற்றெரிச்சல்.)

பிறகு ஓர் அடுப்படி வருகிறது. சிறுவனின் வளர்ப்புத் தாய் தொலைபேசியில் பேசிக்கொண்டு நிற்கிறாள். உண்மையில் அது அவள் உருவத்தை எடுத்துக்கொண்ட ஒல்லியன், கொல்ல வந்த திரவ உலோக மனிதன். கை நீண்டு வாளாகி, பால் பாக்கெட்டோடு சேர்த்துப் புருஷனின் வாய்வழியே பாய்ந்து நிற்கிறது. ஆச்சி அந்த நேரம் பார்த்துத்தான் பணியாரத் தட்டோடு வந்தார். "என்ன கண்றாவி" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் கவனித்துவிட்டார்: "அடுப்படிக்குள்ளயே வந்துட்டானா? அப்ப இனிமே எங்கயும் தப்பிக்க முடியாதே." அந்தக் காட்சி சொல்ல வந்ததும் அதுதான். வீட்டில் மிகவும் பத்திரமான இடம் எதுவோ அங்கேயே அவன் அம்மாவின் உருவத்தில் நிற்கிறான்.

இன்னொன்று, மருத்துவமனைக் கம்பிக் கதவு. திரவ உலோக மனிதன் கம்பிகளுக்கு நடுவே வழிந்து கடந்துவிடுகிறான். கையிலிருந்த துப்பாக்கி மட்டும் கம்பியில் மாட்டிக்கொள்கிறது. மணிக்கட்டைத் திருப்பி அதை வெளியே எடுக்கிறான். ஒரு வினாடி சமாச்சாரம். அவன் உடம்புதான் உருகும், அவன் சாமான் உருகாது என்ற விதி அந்த ஒரு வினாடியில் நமக்குப் புரிந்துவிடுகிறது. புதுசாகப் பார்க்கிறவர்கள் குறிப்பேட்டில் எழுத வேண்டியது இந்த மாதிரி இடங்களை. "சூப்பர் கிராஃபிக்ஸ்" என்று எழுதினால் அடித்துவிடுங்கள். அந்த கிராஃபிக்ஸால் உங்களுக்கு என்ன தெரிய வந்தது என்று எழுதுங்கள். எதுவும் தெரிய வரவில்லை என்றால் அதையும் எழுதலாம்.

'ஜுராசிக் பார்க்'கை இதே மாதிரி பாருங்கள். நான் அதிகம் சொல்லப்போவதில்லை, அதன் ஆகச் சிறந்த பகுதியே ஓர் அடுப்படியில்தான் நடக்கிறது. பளபளக்கும் எவர்சில்வர் அலமாரி அழகுக்காக வைத்தது போலத் தோன்றும். கடைசியில் அதில் தெரியும் சிறுமியின் பிம்பத்தைப் பிள்ளை என்று நம்பி மிருகம் முட்டிக்கொள்கிறது. அலமாரிப் பளபளப்பு உயிரைக் காப்பாற்றியது. ஆச்சி எவர்சில்வர் பாத்திரத்தை ஏன் அவ்வளவு தேய்க்கிறார் என்று அன்றுதான் தெரிந்தது என்றான் ஒருவன்.

செலவைப் பார்த்து மதிப்பிடாதீர்கள்

'கியூப்' கனடாக்காரர்கள் எடுத்த படம். பட்ஜெட் ஏறக்குறைய 3,50,000 கனடா டாலர். ஆயிரக்கணக்கான கனசதுர அறைகள் கொண்ட சிறையில் சிலர் மாட்டிக்கொள்கிறார்கள். படப்பிடிப்பில் இருந்ததோ ஒரு முழு அறை, இன்னோர் அறையின் ஒரு துண்டு. சுவரில் உள்ள வண்ணத் தகடுகளை மாற்றி மாற்றி அதே அறையை நூறு அறையாக்கினார்கள். சிவப்பு அறைக்குள் நுழைந்தால் நமக்கும் எரிச்சல் வரும், நீல அறையில் கொஞ்சம் மூச்சு விடுவோம்.

அடுப்படி? இல்லை. தண்ணீர்கூட இல்லை. நாக்கு வறளாமல் இருக்கச் சட்டைப் பொத்தானை வாயில் போட்டுச் சப்புகிறார்கள். அடுப்படி இல்லாததைப் படம் உணர்ந்து, அதையே பயமாக மாற்றுகிறது. ஆச்சியின் காப்பித் தட்டுப் படத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். அந்தப் படம் அடுப்படியை மறந்துவிட்டது. 'கியூப்' வேண்டுமென்றே எடுத்துவிட்டது. புதியவர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். எப்படிப் பிரித்தறிவது என்றால், படத்தில் யாராவது ஒருவருக்காவது அந்த இல்லாமை உறைக்கிறதா என்று பாருங்கள்.

நடிப்பு சில இடங்களில் நாடகத்தனம். அதை மறைக்கவும் வேண்டாம், அதற்காகப் படத்தை ஒதுக்கவும் வேண்டாம்.

நிறத்தைப் பிடியுங்கள்

'கட்டாக்கா'வுக்கு ஒரு வாரம் போதாது, முடிந்தால் இரண்டு தடவை போடுங்கள். பிறக்கும்போதே மரபணுவைப் பார்த்து யார் உயர்ந்தவர், யார் தாழ்ந்தவர் என்று பிரித்துவிடும் சமூகம். தாழ்ந்த பட்டியலில் பிறந்த வின்சென்ட், விபத்தில் கால் செயலிழந்த ஜெரோம் என்ற உயர்ந்த மரபணுக்காரனின் ரத்தத்தையும் சிறுநீரையும் கடன் வாங்கி விண்வெளி நிறுவனத்தில் வேலைக்குச் சேர்கிறான். நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். பிறப்பைக் கேட்டுவிட்டு உள்ளே விடலாமா, திண்ணையோடு நிறுத்தலாமா என்று முடிவு செய்த வீடுகளை நாம் பார்த்திருக்கிறோம்.

தொடக்கத்தில் ஏதோ பெரிய பெரிய வெள்ளைப் பாளங்கள் நீலத்தில் வந்து விழுகின்றன. நகத் துணுக்கு, முடி, உதிர்ந்த தோல். ஒருவன் காலையில் தன்னைச் சுரண்டிச் சுத்தம் செய்கிறான். மரத்தூண் விழுவது போல முடி விழும். இந்த ஊரில் ஒரு முடி விழுவது எவ்வளவு பெரிய ஆபத்து என்று முதல் வசனத்துக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. பெயர்கள் வரும்போது ஏ, சி, ஜி, டி என்ற எழுத்துகள் மட்டும் தனித்துத் தெரியும். மரபணுவின் நான்கு எழுத்துகள். படத்தின் பெயரே அந்த நான்கை அடுக்கியதுதான்.

இயக்குநர் ஆண்ட்ரூ நிக்கோலுக்கு இதுதான் முதல் படம். எதிர்கால நகரம் கட்டாமல், கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்டு ரைட் வடிவமைத்த கலிஃபோர்னியா அரசுக் கட்டடம் ஒன்றில் எடுத்தார். ஓடும் கார்களோ பழைய மாடல்கள், சத்தம் மட்டும் மின்சாரக் கார் சத்தம். போலந்து ஒளிப்பதிவாளர் ஸ்லாவோமிர் இட்ஸியாக் மஞ்சள், பச்சை, நீலம் என்று கண்ணாடி வடிகட்டிகளைப் போட்டு எல்லாவற்றையும் ஒரே உலகமாகக் குழைத்துவிட்டார். உங்களுக்கான வேலை இதுதான்: ஒவ்வொரு முறை நிறம் மாறும்போதும் நேரத்தைக் குறித்து, அங்கே யார் யாருடன் இருக்கிறார்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். படம் முடிந்ததும் உங்கள் தாளில் கதைச் சுருக்கம் தானாக எழுதப்பட்டிருக்கும்.

ஆச்சிக்கு இந்த வீட்டு அடுப்படி பிடிக்கவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்தால் ரத்தப் பையும் சிறுநீர்ப் பையும். "சீ, சோறு வைக்கிற இடத்துலயா?" சோற்றைவிட அதுதான் அந்த வீட்டின் பிழைப்பு என்று சொன்னேன். ஒப்புக்கொண்டார். ஆனால் மாடிப்படியை விடவில்லை. வீட்டு நடுவே ஒரு சுருள் படிக்கட்டு. "நடக்க முடியாத புள்ள இருக்கிற வீட்டுல இப்படி ஒரு படியா? யாரு கட்டுனது?" நியாயமான கேள்வி. மரபணுவின் முறுக்கு வடிவத்தைக் காட்டுவதற்காகக் கலை இயக்குநர் வைத்த பகட்டு என்றுதான் நானும் முதல் தடவை நினைத்தேன். பின்பாதியில் போலீஸ்காரர் வீடு தேடி வருகிறார். கீழே இருக்கும் ஜெரோம் சக்கர நாற்காலியை விட்டு இறங்கி, காலை இழுத்துக்கொண்டு கைகளாலேயே அந்தப் படி முழுவதையும் ஏறுகிறான். தன் மரபணுமேலேயே ஊர்ந்து போவது மாதிரி. ஆச்சி அப்போது எதுவும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

காட்சியா கதையா என்று யாராவது இனிமேல் கேட்டால் அந்தப் படிக்கட்டை எந்தப் பெட்டியில் போடுவீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.

பகட்டு என்று தெரிந்தே ரசிப்பது

'தி ஃபிஃப்த் எலிமென்ட்' வேறு ஜாதி. லுக் பெசோன் இயக்கம், உடைகள் ஜான் பால் கோத்தியே, உலகத்தை வரைந்தவர்களில் மோபியஸ், மெசியேர் என்ற இரண்டு பிரெஞ்சுச் சித்திரக்கதை மேதைகள். 1997 கான் திரைப்பட விழாவின் தொடக்கப் படம். கதையை ஒரு வரியில் சொன்னால் சிரிப்பு வரும்: தீய உருண்டை பூமியை நோக்கி வருகிறது, நான்கு கல்லும் ஒரு பெண்ணும் சேர்ந்தால் தடுக்கலாம்.

ஆனால் நாயகன் கோர்பனின் அறையைப் பாருங்கள். தீப்பெட்டி அளவு. படுக்கை சுவருக்குள் போகிறது, குளியலறை மேலிருந்து இறங்குகிறது. சாப்பாடோ, ஜன்னலுக்கு வெளியே பறக்கும் படகுக் கடையில் வருகிறது. ஆச்சிக்கு ஒரே சந்தோஷம். "இது நல்ல ஏற்பாடு. அடுப்படியே வாசலுக்கு வந்துடுச்சே." தனியாள், பணமில்லை, பேச்சுத்துணைக்கு அந்தப் படகுக்காரர் மட்டும் என்பது நமக்கு விளங்கிவிட்டது. இந்த அரை மணி நேரத்தில் அலங்காரமும் கதையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

அப்புறம் விண்வெளிச் சொகுசுக் கப்பலுக்குக் கதை நகர்ந்ததும் பிடி தளர்கிறது. உடை, பாட்டு, வெடி. அங்கே யாரும் வசிக்கவில்லை, எல்லாரும் போஸ் கொடுக்கிறார்கள். நாயகனும் வில்லனும் படம் முழுக்க நேருக்கு நேர் சந்திப்பதே இல்லை, தெரியுமா? பலர் பத்துத் தடவை பார்த்தும் கவனித்திருக்க மாட்டார்கள். கண் அவ்வளவு நிறைந்துபோகிறது. இது குறையா, சாமர்த்தியமா என்று எங்கள் கூட்டம் ஒரு வாரம் சண்டை போட்டது. குறை என்பது என் கட்சி. ஆனாலும் இந்தப் படத்தை எப்போது போட்டாலும் உட்கார்ந்துவிடுவேன். கல்யாண வீட்டு இலையில் எல்லாப் பதார்த்தமும் பசிக்காகவா வைக்கிறார்கள்?

காதால் மட்டும் கேட்டுப் பாருங்கள்

இப்போது 'டார்க் சிட்டி'. அலெக்ஸ் ப்ரோயாஸ் சிட்னியில் எடுத்தது. பொழுதே விடியாத ஒரு நகரம். குளியல் தொட்டியில் ஒருவன் கண் விழிக்கிறான், தான் யார் என்று ஞாபகமில்லை, பக்கத்தில் ஒரு பெண் பிணம். தொப்பி போட்ட துப்பறிவாளர், ஈரத் தெரு, பழைய கார். நாற்பதுகளின் குற்றப்படம் என்று நினைப்போம், ஆனால் சில பொருள்கள் வேறு பத்தாண்டைச் சேர்ந்தவை. கலை இயக்குநர் கோட்டை விட்டுவிட்டாரா? இல்லை. இந்த ஊரே பல பேரின் பல காலத்து நினைவுகளைப் பிய்த்து ஒட்டிச் செய்தது. பொருந்தாமல் இருப்பதுதான் துப்பு.

இதில் முதலில் பழக வேண்டியது கணக்கு. ஒரு நிமிடம் கடிகாரம் வைத்து, ஒரு ஷாட் முடிந்து அடுத்த ஷாட் வரும் ஒவ்வொரு தடவையும் முழங்காலில் ஒரு தட்டு தட்டுங்கள். கை ஓயாது. 'கட்டாக்கா'வில் இதே நிமிடத்தைத் தட்டிப் பார்த்தால் கை சும்மா கிடக்கும். நினைவே நிலையில்லாதவனுக்கு எந்த இடத்திலும் கண் நிலைக்காது என்று இதற்கு ஒரு விளக்கம் சொல்லலாம். எனக்கு அது முழுத் திருப்தி தரவில்லை. சில இடங்களில் இன்னும் கொஞ்சம் நின்று பார்க்க விட்டிருக்கலாம்.

அடுத்தது முக்கியமானது. தியேட்டரில் வெளியான பதிப்பைப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு முதல் சில நிமிடங்களைக் கேளுங்கள். ஒரு டாக்டரின் குரல் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அந்த ஊரை ரகசியமாக ஆட்டிவைக்கும் அந்நியர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், அவர்களுக்கு என்ன சக்தி, தான் யாருக்குத் துரோகம் செய்தேன், எல்லாம். நாயகன் இனி ஒரு மணி நேரம் பாடுபட்டுக் கண்டுபிடிக்கப்போவது நமக்கு முதலிலேயே தெரிந்துவிட்டது. காட்சிகளைப் பார்வையாளர் புரிந்துகொள்ள மாட்டார் என்று பயந்து ஒட்டிய பிளாஸ்திரி அது. 2008-இல் வந்த இயக்குநர் பதிப்பில் அந்தக் குரலை எடுத்துவிட்டார்கள். அது கிடைத்தால் அதையே போடுங்கள். கிடைக்காவிட்டால் குளியல் தொட்டி வரும்வரை ஒலியை அணைத்துவிடுங்கள். எங்களுக்கு இரண்டாவது தடவை இந்த ஒரு மாற்றத்தால் யாரும் தூங்கவில்லை.

இந்தப் படத்துக்குக் கதை போதவில்லை என்று சொன்னவர்கள் ஏராளம். அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட் அந்த வருடத்தின் மிகச் சிறந்த படம் என்று இதைத்தான் சொன்னார். நான் ஈபர்ட் பக்கம், ஒரே ஒரு காட்சியை வைத்து. ஏழைக் கணவனும் மனைவியும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து வேலையைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருக்கிறார்கள். நள்ளிரவு அடித்ததும் ஊரே தூங்குகிறது. அந்நியர்கள் வருகிறார்கள். மேசை நீள்கிறது, சுவர் விரிகிறது, கூரை உயர்கிறது, துணி மாறுகிறது. விழித்ததும் அதே ஆள் பரம்பரைப் பணக்காரனின் தோரணையில் பேசுகிறான். ஒருவனை அவனாக ஆக்குவது அவன் வீடும் சாமானும் நினைவும்தானா, அல்லது அதற்கப்பால் ஏதாவது உண்டா? படம் கேட்கும் கேள்வி முழுவதும் ஒரு சாப்பாட்டு மேசைக்குள் அடங்கிவிட்டது. நாங்கள் உட்கார்ந்திருந்ததும் ரங்கூன் பணத்தில் எழும்பிய ஒரு வளவில். சில பேர் அண்ணாந்து தூண்களைப் பார்த்துக்கொண்டார்கள்.

பேசாமல் இருக்கும் மூன்று நிமிடம்

நடுவே ஒரு ஜப்பானிய அனிமேஷன்: 'கோஸ்ட் இன் தி ஷெல்' (1995), மமோரு ஓஷி. படத்தின் மத்தியில் கதை நின்றுவிடுகிறது. மழை, கால்வாய், விளம்பரப் பலகைகள், ஹாங்காங்கைப் பார்த்து வரைந்த நகரம், கென்ஜி கவாயின் இசை. வசனமில்லாமல் மூன்று நிமிடத்துக்கு மேல். இயந்திர உடம்பு கொண்ட நாயகி படகில் போகிறாள். நிமிர்ந்து பார்த்தால் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் தன் முகத்தோடு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கிறாள். அவ்வளவுதான். பிள்ளைகள் இதை ஓட்டிவிடச் சொல்வார்கள். ரிமோட்டை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

'மேட்ரிக்ஸ்' கடைசியில் ஏன்

எல்லாருக்கும் அது தெரியும், அதனால்தான். 'டார்க் சிட்டி'க்குப் பிறகு பார்த்தால் மொட்டைமாடிகள் பழகிய மாதிரி இருக்கும். அதன் செட்டுகளில் சிலவற்றை 'மேட்ரிக்ஸ்' எடுத்தவர்கள் வாங்கிப் பயன்படுத்தினார்கள். கம்ப்யூட்டர் காட்டும் போலி உலகத்துக்குப் பச்சைச் சாயல், நிஜ உலகத்துக்கு நீலம். ஒரு எச்சரிக்கை: பின்னால் வந்த பதிப்புகளில் பச்சையைக் கூட்டிவிட்டார்கள், எனவே தியேட்டரில் பார்த்தவர் உங்களோடு சண்டைக்கு வந்தால் அவர் சொல்வதும் சரிதான். தோட்டா நின்று கேமரா சுற்றும் காட்சிக்குச் சுமார் 120 ஸ்டில் கேமராக்களை வளைவாக நிறுத்தி எடுத்தார்கள். அதை எத்தனையோ படங்கள் காப்பியடித்தன. காப்பியடித்தவற்றில் அது வெறும் வித்தை. இங்கே அந்த உலகத்தின் விதி வளைகிறது, வளைப்பவனுக்கே அது அப்போதுதான் புரியத் தொடங்குகிறது.

என்னைக் கேட்டால் தோட்டாவைவிடச் சாப்பாட்டைப் பார்க்கச் சொல்வேன். நிஜ உலகக் கப்பலில் அலுமினியக் கிண்ணத்தில் ருசியில்லாத வெள்ளைக் கூழ். போலி உலக உணவகத்தில் சாறு வழியும் இறைச்சித் துண்டு. அது நிஜமில்லை என்று தெரிந்தே ஒருவன் வாயில் போட்டு மென்று கண்ணை மூடுகிறான். அவன் ஏன் கூட்டாளிகளைக் காட்டிக் கொடுக்கிறான் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம். ஆச்சி அவனைத் திட்டவில்லை. "தினமும் கூழா குடிச்சா எவனுக்கும் புத்தி மாறும்" என்று சொல்லிவிட்டு, வெள்ளைப் பணியாரத்துக்கு இன்னும் கொஞ்சம் மிளகாய்ச் சட்னி ஊற்றினார்.

படம் முடிந்ததும் பேச வேண்டாம், வரையுங்கள்

விளக்கைப் போட்டதும் ஆளுக்கொரு தாள் கொடுத்துவிடுங்கள். படத்தில் வந்த இடத்தின் வரைபடத்தை ஞாபகத்திலிருந்து போட வேண்டும். வீடோ ஊரோ, எது மனதில் நின்றதோ அது. கதையைப் பற்றிக் கருத்துச் சொல்ல எல்லாருக்கும் வரும், ஒருவர் சொன்னதை இன்னொருவர் திருப்பிச் சொல்வார். வரையும்போது ஏமாற்ற முடியாது. செட்டிநாட்டு வீட்டை வரையச் சொன்னால் இங்கே எந்தப் பிள்ளையும் முகப்பிலிருந்து பின்வாசல் வரை ஒரு நேர்கோடு போட்டுத்தான் தொடங்கும். ஓர் இடத்தில் வாழ்ந்தால் கைக்கு அது தெரிந்துவிடும். ஒரு படம் நம்மை உள்ளே குடிவைத்ததா, வாசலோடு அனுப்பியதா என்பது தாளில் தெரியும்.

'கட்டாக்கா'வுக்கு எல்லாத் தாளிலும் சுருள் படி இருந்தது. 'ஃபிஃப்த் எலிமென்ட்'டுக்குக் கோர்பனின் அறையை அங்குலம் பிசகாமல் வரைந்தார்கள், கப்பல் மட்டும் எல்லாருக்கும் வேறு வேறாக வந்தது. 'டார்க் சிட்டி'க்குத் தெருக்கள், உணவு வாங்கும் காசுப்பெட்டிச் சுவர், ஹோட்டல் அறை எல்லாம் போட்டுவிட்டு ஒவ்வொருவரும் ஒரே இடத்தில் பென்சிலோடு நின்றுவிட்டார்கள். ஷெல் பீச் என்ற கடற்கரை. படத்தில் எல்லாருக்கும் அந்த இடம் தெரியும், சின்ன வயதில் போனதாகச் சொல்வார்கள், எப்படிப் போவது என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. பன்னிரண்டு தாளிலும் கடற்கரை இருந்தது. அதற்குப் போகிற வழி ஒரு தாளிலும் இல்லை.